கொல்லிமலைக்கு ஒரு கூட்டுப் பயணம்: கடைசி வண்டியிலிருந்து சில குறிப்புகள்

வெள்ளி இரவு, சென்னை

நாளை விடிவதற்கு முன் கொல்லிமலைக்குக் கிளம்புகிறோம். பதினோரு பைக், பன்னிரண்டு பேர். தாம்பரத்துத் தம்பி மட்டும் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வருகிறார். திங்கட்கிழமை குடியரசு நாள் என்பதால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது.

எனக்குக் கடைசி வண்டி. ரைடர்கள் பேச்சில் அதற்குப் பெயர் ஸ்வீப். முன்னால் லீட் வழி பிடித்துப் போவார். யாரும் பின்தங்கிவிடாமல் ஸ்வீப் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் ஆனாலும் தலைசுற்றல் வந்தாலும் முதலில் வந்து நிற்பது ஸ்வீப்தான். கடைசியில் வருகிறவர் கண்ணில் அத்தனை பேரின் முதுகும் படும். யார் தோள் இறுகிக் கிடக்கிறது, யாருக்குத் தூக்கம் வருகிறது, யார் சாலையை விட்டுவிட்டு முன்வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்து ஓட்டுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதைத்தான் தினமும் இங்கே எழுதப்போகிறேன். அருவியையும் மூடுபனியையும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட்டமாகப் போகும்போது யார் உயிருக்கு யார் பொறுப்பு என்று எழுதுகிறவர்கள் குறைவு.

மாலை பெருங்களத்தூரில் கூடி வண்டிகளைப் பார்த்தோம். டயர் காற்று, செயின் தொய்வு, பிரேக் பேட், விளக்குகள், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ். அதோடு ஒரு சின்ன அட்டை: பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம். எல்லோரும் அதை ஜாக்கெட்டின் இடது உள்பையில்தான் வைக்க வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவரின் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

புதிதாகச் சேர்ந்த அம்பத்தூர் பையன் பாதித்தலை மூடும் ஹெல்மெட் ஒன்றோடு வந்திருந்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. 2021 ஜூன் முதல் இந்தியாவில் அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் செய்வதோ விற்பதோ கூடாது. ஆனாலும் சாலையோரக் கடைகளில் கிடைக்கத்தான் செய்கிறது. லீட் அண்ணன், "காலையில வேற ஹெல்மெட்டோட வா, இல்லன்னா அடுத்த ரைடுக்கு வா" என்றார். பையனுக்குக் கோபம். "என் தலைண்ணே, நான் பாத்துக்கறேன்."

"உன் தலைதான். ஆனா நீ விழுந்தா நடுரோட்டுல நின்னு உன்னத் தூக்கப்போறது நாங்க. உங்க அம்மாவுக்கு போன் பண்ணப்போறதும் நான்தான். அதனால இதுல எனக்கும் பேச்சு உண்டு."

மற்றபடி அண்ணன் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துகிறவர் இல்லை. வேகமாக வா என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் இறங்கிவராதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நாளை நாங்கள் போகப்போவது அந்தக் கணக்கு எழுதப்பட்ட அதே சாலைகளில்தான்.

முதல் நாள், சனி: சென்னை – ராசிபுரம்

நாலரை மணிக்குக் கிளம்பினோம். அம்பத்தூர் பையன் முழு ஹெல்மெட்டோடு, அண்ணனுடையதைக் கடன் வாங்கி, வந்து நின்றான்.

பதினோரு வண்டியும் ஒரே வரிசையில் போனால் நீளம் அதிகமாகிவிடும். லாரிக்காரருக்கும் தொல்லை, நமக்கும் ஆபத்து. ஆறாகவும் ஐந்தாகவும் பிரித்துக்கொண்டோம். அண்ணன் முதல் அணிக்கு லீட். இரண்டாவது அணிக்குப் பெரம்பூர்க்காரர் லீட், நான் ஸ்வீப். ஒவ்வோர் அணியிலும் அனுபவம் குறைந்தவர் லீடுக்கு அடுத்த இடத்தில். அவருக்கு ஏற்ற வேகத்தில்தான் அணி போகும். புதியவரைக் கடைசியில் விட்டால், முன்னால் ஒரு வளைவில் மெதுவாகிப் பிறகு வேகம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஈடுகொடுக்க அவர் விரட்டி ஓட்ட வேண்டியிருக்கும். முன்வண்டி எண்பதில் போய்க்கொண்டிருக்க, கடைசி வண்டி தொண்ணூற்றைத் தாண்டிப் பறக்கும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. நான்குவழிச் சாலையில் பைக்குக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமே மணிக்கு 80 கி.மீ.தான்.

பரனூர் சுங்கச்சாவடியின் இடது ஓர வழியில் நுழைந்து வெளியே வந்ததும் பனி. அச்சிறுப்பாக்கத்தை நெருங்க நெருங்க எனக்கு முன்னால் போன இரண்டாவது வண்டியே மறைந்துவிட்டது. தை மாத விடியலில் ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், இது வழக்கம்தான். பனியைவிடப் பெரிய ஆபத்து, விளக்கே போடாமல் ஓரத்தில் நிறுத்தியிருக்கும் லாரி. மேல்மருவத்தூரில் அண்ணன் இடது கையை உயர்த்தினார். எல்லோரும் சாலையை விட்டு இறங்கி நிறுத்திவிட்டு டீக்கடைக்குள் போனோம். ஏழேகால் மணிவரை அங்கேயே. ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகிறதே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. நல்ல கூட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதே மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. பைக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் பெட்ரோல் விலையைத் தெரிந்துவைத்திருப்பதுபோல இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விழுப்புரத்தில் இட்லி. உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு சேலம் சாலைக்குத் திரும்பினோம். இந்தச் சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரியும்: நான்குவழியாகச் சுகமாகப் போய்க்கொண்டே இருக்கும், ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகளில் திடீரென்று இருவழியாகச் சுருங்கும். நடுவில் தடுப்பு இல்லாமல் எதிர்வண்டி நேரே முகத்துக்கு வரும். எத்தனையோ உயிர்களை வாங்கிய இடங்கள் இவை. அகலப்படுத்தும் வேலையும் நடந்துவருகிறது.

இன்றைக்கு என் வயிற்றைக் கலக்கிய சம்பவம் அப்படிச் சுருங்கிய ஓரிடத்தில்தான் நடந்தது. முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். பெரம்பூர்க்காரர் எட்டிப் பார்த்தார், வழி இருந்தது, தாண்டினார். இரண்டாவது வண்டியும் தாண்டியது. மூன்றாவது போரூர்த் தம்பி. அவரும் வலப்பக்கம் விலகி வேகம் எடுத்தார். எதிரே அரசுப் பேருந்து. பாதி தூரம் போனவர் பிரேக் பிடித்து, டிராக்டரின் பின்னால் தொங்கிய கரும்புக் கழிகளை உரசாத குறையாக உள்ளே திரும்பினார். பேருந்தின் ஹாரன் என்னைக் கடந்து போன பிறகும் காதில் இருந்தது.

அடுத்த டீக்கடையில் பெரம்பூர்க்காரர் சத்தம் போடவில்லை. "ஏன் தம்பி வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க போனீங்களேண்ணே. அடுத்தவரும் போனாரு. நானும் வந்துட்டேன்."

"நான் போனா எனக்கு வழி இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கும் இருக்குன்னு நான் சொல்லலியே."

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இரண்டு விநாடி இடைவெளி என்றால், மூன்றாவது ஆள் லீடுக்கு நான்கு விநாடி பின்னால் இருக்கிறார். ஐந்தாவது ஆள் எட்டு விநாடி. எதிரே 65 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து எட்டு விநாடியில் ஏறக்குறைய 145 மீட்டர் நெருங்கிவிடும். லீட் பார்த்த காலிச் சாலையும் ஐந்தாவது ஆள் நுழையும் சாலையும் வேறு வேறு. ஆனாலும் முன்னால் நால்வர் போவதைப் பார்த்ததும் மனசு அதையே அனுமதியாக எடுத்துக்கொள்கிறது. தனியாக ஓட்டும்போது இந்தத் தம்பி இப்படித் தாண்டியிருக்கவே மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூட்டம் அவர் கண்ணை வாங்கி வைத்துக்கொண்டது.

"ஒவ்வொரு ஓவர்டேக்கும் உங்க சொந்த ஓவர்டேக். உள்ளேயே நில்லுங்க, முன்னாடி போனவங்க மெதுவாப் போய்க் காத்திருப்போம். காத்திருக்கலைன்னா அது லீடோட தப்பு" என்றார் பெரம்பூர்க்காரர். கடைசி வாக்கியம் முக்கியம். பின்னால் இருப்பவரிடம் பொறுமையை எதிர்பார்க்கிற லீட், பின்னால் இருப்பவருக்காகக் காத்திருக்கவும் வேண்டும்.

ஆத்தூர் தாண்டி மல்லியகரை வழியாக ராசிபுரம் சாலை. இரண்டு இடங்களில் சாலையின் குறுக்கே கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறி ஏறித் தானியம் உதிரட்டும் என்று. காருக்கு அது ஒன்றுமில்லை. பைக்குக்கு வழுக்கும், காய்ந்த கொடி செயினிலும் சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும். லீட் வலது காலை நீட்டிக் காட்ட, பின்னால் ஒவ்வொருவராகக் காலை நீட்ட, சைகை என்னிடம் வந்து சேர்ந்தபோது எல்லோருமே வேகம் குறைத்திருந்தார்கள். வலது கை ஆக்ஸிலேட்டரில் இருப்பதால் வலப்பக்க ஆபத்தை வலது காலால் காட்டுவது ரைடர்கள் வழக்கம். பிரேக் பிடிக்காமல், சாயாமல், நேராக ஏறிக் கடந்தோம்.

மூன்றரைக்கே ராசிபுரம் வந்துவிட்டோம். வெளிச்சம் இருக்கும்போதே மலையேறிவிடலாம் என்று இளசுகள் ஆசைப்பட்டார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய உடம்போடு எழுபது கொண்டை ஊசி வளைவுகளா? அண்ணன் லாட்ஜில் அறை கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள், ஞாயிறு: காரவள்ளி – செம்மேடு

காரவள்ளியில் அடிவாரம். அங்கிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தென்னாட்டு ரைடர்கள் பலருக்கு இந்த எண்ணே ஓர் அழைப்பு. கூட்டமாக வருகிறவர்கள் பலர் இங்கே வந்து செய்வது, யார் முதலில் மேலே போகிறார் என்று பார்ப்பது.

அண்ணன் அடிவாரத்திலேயே அணிகளைக் கலைத்துவிட்டார். "மலையில கூட்டம் கிடையாது. ஒத்தையா ஓட்டுங்க. முன்வண்டி தெரியலைன்னா தேடாதீங்க. பாதை பிரியற எடத்துல ஒருத்தர் நின்னு, பின்னாடி வர்றவருக்குக் கை காட்டிட்டுத்தான் நகருவார். யாரும் தொலைய மாட்டோம்." தொலைந்துவிடுவோம் என்ற பயம்தான் மலையில் பாதிப் பேரை விரட்டுகிறது. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் வேகம் தானாகக் குறைகிறது. இன்று கண்ணால் பார்த்தேன்: நேற்று இறுகிக் கிடந்த தோள்கள் பத்து வளைவுக்குள் இறங்கிவிட்டன.

ஏறும்போது கவனிக்க வேண்டியது பேருந்துகளை. நீளமான வண்டிக்கு இந்த வளைவுகளில் சாலை முழுவதும் வேண்டும். அதில் ஓட்டுநரின் தவறு ஒன்றும் இல்லை. வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, பதில் ஹாரன் வருகிறதா என்று கேட்டு, வந்தால் நின்றுவிட வேண்டும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. ஆனால் இறங்கும் பேருந்து வளைவின் நடுவில் வந்துவிட்ட பிறகு விதியை நினைத்துக்கொண்டு முன்னேறுவதில் பயன் இல்லை.

தாம்பரத்துத் தம்பியின் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் உட்காருகிறவர் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருகிறவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பெண் வளைவில் ஓட்டுநரின் தோளுக்கு மேலாக, வளைவின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கம் சாயவில்லை, திடீரென்று அசையவில்லை. முழங்கால் கவசம் முதல் கையுறை வரை கணவர் போட்டிருந்ததெல்லாம் அவரும் போட்டிருந்தார். தான் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பின்னால் இருப்பவரைச் சுடிதாரும் செருப்புமாக ஏற்றிவரும் ஆண்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். மனம் பொறுக்காத காட்சி அது.

சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கினோம். மிளகு பறிக்கும் காலம். வீட்டு வாசல்களில் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. வண்டிகளைச் செம்மேட்டில் தங்கும் இடத்தில் விட்டுவிட்டு, அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் பேருந்தில் போனோம். ரைடுக்கு வந்துவிட்டுப் பேருந்தா என்று அம்பத்தூர் பையன் கேட்டான். அருவிக்கு இறங்கி ஏற ஆயிரம் படிக்கு மேல். திரும்பி வந்தபோது அவன் தொடை நடுங்கியதை அவனே எனக்குக் காட்டினான். அந்தக் காலோடு மலைப்பாதையில் பின்பிரேக்கை அளந்து மிதிக்க முடியாது.

மாலை ஒரு சின்ன உரசல். இருவர் பீர் வாங்கலாம் என்றார்கள், ராத்திரிதானே என்று. காலை ஏழு மணிக்கு இறக்கம். ராத்திரி குடித்தது விடிவதற்குள் முழுவதும் இறங்கிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தூக்கம் கெடுவது நிச்சயம். சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை விட்டுவைக்கிறது. இந்த வளைவுகள் அதைக்கூட விட்டுவைக்காது. வேண்டாம் என்று முடிவானது. முகம் தூக்கிக்கொண்டாலும் ஒத்துக்கொண்டார்கள்.

இன்றைய நாளில் எனக்கு மிகப் பிடித்தது ஆவடி அக்கா செய்தது. ஏற்றத்தின் பாதியில், எல்லோரும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஓரம்கட்டி நின்று, "கை மரத்துப்போச்சு. பத்து நிமிஷம் வேணும்" என்றார். பத்துப் பேருக்கு முன்னால் களைப்பை ஒத்துக்கொள்வது எளிதில்லை; அதுவும் ஒரே பெண் ரைடராக இருந்துகொண்டு. அவர் நின்றதும் இன்னும் மூன்று பேர் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுக்கும் களைப்புதான், யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள், திங்கள்: இறக்கம்

இன்று ஒருவர் விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. வீட்டார் பயந்துவிடக் கூடாது என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் இறங்கத் தொடங்கினோம். இறக்கத்தில் எஞ்சினைக் கட்டுப்பாட்டில் வைத்து, முதல் இரண்டு கியருக்குள் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டினாலும், கிளட்சைப் பிடித்துக்கொண்டே வந்தாலும், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறி, ஒரு கட்டத்தில் லீவர் அமுங்கும், வண்டி நிற்காது. இதையெல்லாம் அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தார். பாதி வழியில் டீக்கு நின்றோம். அங்கிருந்து கிளம்பும்போது வரிசை மாறிவிட்டது. அண்ணனுக்கு அடுத்து வந்துகொண்டிருந்த வேளச்சேரித் தம்பி, ஹெல்மெட் மாட்டத் தாமதமாகி, வேகமாக ஓட்டும் இருவருக்கு நடுவில் போய்ச் சேர்ந்தார்.

நான்கைந்து வளைவு தாண்டி ஓர் இடது கொண்டை ஊசி. இறங்குகிறவருக்கு இடது வளைவுதான் குறுகலானது, செங்குத்தானது. உள்விளிம்பில் மணல் சேர்ந்திருந்தது. முன்வண்டியை விட்டுவிடக் கூடாது என்று கொஞ்சம் கூடுதல் வேகத்தில் நுழைந்தார். வண்டி சாய்ந்த பிறகு பயம் வந்து முன்பிரேக்கை இறுக்கினார். முன்சக்கரம் வழுக்கியது, இடப்பக்கமாக விழுந்தார். ஏ.பி.எஸ். உள்ள வண்டி; பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். நேராகப் போகும்போது பல உயிர்களைக் காக்கிற கருவி. சாய்ந்த வண்டியை மணலில் பிடித்து நிறுத்தும் வித்தை சாதாரண ஏ.பி.எஸ்.ஸிடம் இல்லை. பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அடுத்து நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முன்னால் போனவர்கள் திரும்பி வரவில்லை. வளைவில் ஐந்தாறு பைக் குவிந்தால் அடுத்த விபத்து அங்கேயே நடக்கும். அகலமான இடம்வரை இறங்கிப் போய் நிறுத்தினார்கள். ஆவடி அக்கா ஒளிரும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு மேல்வளைவுக்கு ஓடி, இறங்கி வரும் வண்டிகளை மெதுவாக்கினார். போரூர்த் தம்பி கீழ்வளைவுக்கு. இதற்குப் பிறகுதான் நான் விழுந்தவரிடம் போனேன். எஞ்சினை நிறுத்தினேன், வண்டியைத் தூக்கவில்லை. அவர் எழ முயன்றபோது படுத்திருக்கச் சொன்னேன். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் திறந்து பேச்சுக் கொடுத்தேன். பெயர், கிழமை, எங்கே இருக்கிறோம் என்று எல்லாம் சரியாகச் சொன்னார். கழுத்து வலி இல்லை, கைகால் விரல்கள் அசைந்தன, மரத்துப்போகவில்லை. அதன் பிறகே அவரே மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். நினைவில்லாதவர் தலையிலிருந்து ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவது நம் ஊரில் எல்லோரும் முதலில் செய்கிற தவறு. மூச்சுத் தடைபட்டாலொழிய அதைத் தொடக் கூடாது. கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஒருவர் கழுத்தை அசையாமல் தாங்க, இன்னொருவர் கழற்ற வேண்டும்.

இடது தோளின் முன்பக்கம் வீங்கியது. கையைத் தூக்க முடியவில்லை. முக்கோணத் துணியால் கையைக் கழுத்தோடு கட்டினோம். போனில் சிக்னல் வந்து வந்து போனது. கீழே நின்றவர்கள்தான் 108-க்குப் பேசி, ஆம்புலன்ஸைக் காரவள்ளிக்கு வரச் செய்தார்கள். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு சின்ன வேன் நின்றது. ஓட்டுநருக்கு உதவ ஆசை, ஆனால் தயக்கம். "போலீஸ் கேஸு, கோர்ட்டுன்னு அலையவிடுவாங்களா சார்?"

இந்தக் கேள்வியால் எத்தனை பேர் சாலையில் கிடந்தே செத்திருக்கிறார்கள். அவரிடம் சொன்னேன்: 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு தந்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உதவுகிறவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, விரும்பினாலொழிய சாட்சியாக நிறுத்த முடியாது. அவர் முழுவதும் நம்பினாரா தெரியவில்லை. ஆனால் வாழைத்தார்களை ஒதுக்கி இடம் பண்ணினார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

நாமக்கல்லில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது காரை எலும்பில் முறிவு. முழங்கை, முழங்கால், உள்ளங்கையில் கீறல்கூட இல்லை. கவசங்கள்தான் தேய்ந்து கிழிந்திருந்தன. தம்பியின் அண்ணன் சேலத்திலிருந்து காரில் வந்து கூட்டிப்போனார். வண்டி சேந்தமங்கலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் இருக்கிறது.

இரவில் சென்னை வரை ஓட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மனசு கலங்கியிருக்கும்போது இருட்டில் நெடுஞ்சாலை கூடாது. நாளை வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் அண்ணனோடு முன்பே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் ஆறு பேர் விழுப்புரத்தில் தங்கியிருக்கிறோம்.

செவ்வாய், விழுப்புரம் – சென்னை

சாலையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வெயில் ஏறும் முன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று இரவு நடந்த பேச்சைத்தான் எழுத வேண்டும். வேளச்சேரித் தம்பி வலிமாத்திரை போட்டுக்கொண்டு போனில் வந்தார். "யாரும் வருத்தப்படாதீங்க. பிரேக்க நான்தான் புடிச்சேன். யாரும் என்ன வேகமா வரச் சொல்லல." சொல்லிவிட்டு, தான் எங்கே கண் வைத்திருந்தேன், எப்போது பிரேக் பிடித்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னார், மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று.

சென்னை போய்ச் சேர்ந்திருந்த லீட் அண்ணன் அதற்குப் பதிலாக, "பிரேக் நீ புடிச்சது. வரிசை கலைஞ்சதப் பாக்காம கிளம்பினது நான். டீக்கடையில ஒரு நிமிஷம் நின்னு சரி பண்ணியிருக்கணும்" என்றார்.

சிலருக்கு இது சம்பிரதாயப் பேச்சாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுமே உண்மை. அண்ணன் தன் பங்கை எடுத்துக்கொண்டதால் தம்பியின் பங்கு குறையவில்லை. தம்பி தன்னுடையது என்று சொன்னதால் அண்ணன் தப்பிக்கவும் இல்லை. பல குழுக்களில் பயணத்துக்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், 'என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு' என்று. கையெழுத்து வாங்கியதும் அமைப்பாளர்களின் கவலை தீர்ந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், லீட் இருக்கிறார் என்று ரைடர்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்கிறார்கள். இரண்டு பேரும் பொறுப்பை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டால், நடுவில் சாலையில் யாருமே பார்த்து ஓட்டவில்லை என்றாகிறது. போரூர்த் தம்பி கரும்பு டிராக்டரைத் தாண்டப் போன அந்த நான்கு விநாடியில் நடந்தது அதுதான்.

பேசி முடித்தபோது சிலவற்றை மாற்றினோம். ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் வரிசையைச் சரிபார்த்து, ஸ்வீப் கட்டைவிரல் காட்டிய பின்தான் லீட் நகர வேண்டும். இருவழிச் சாலையில் லீட் ஒரு வண்டியைத் தாண்டினால், அடுத்தவர் வந்து சேரும்வரை அறுபதுக்கு மேல் போகக் கூடாது. மலை இறக்கம் இருக்கும் நாளில் வீடு திரும்பும் நெடுந்தூரப் பயணத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது; அப்படியிருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். லீவு கிடைக்காதவர்கள் அந்தப் பயணத்துக்கு வர முடியாமல் போகும். அதைப் பற்றி நீண்ட நேரம் பேசியும் வேறு வழி தெரியவில்லை.

அடுத்து மார்ச் மாதம் ஏலகிரி. பதினான்கு வளைவுதான், புதியவர்களுக்கு ஏற்றது. அதற்கு முந்தின ஞாயிறு பெருங்களத்தூரில் அரைநாள் முதலுதவிப் பயிற்சி வைக்கிறோம்: ஹெல்மெட் கழற்றுவது, கை கட்டுவது, ரத்தம் நிறுத்துவது, வளைவில் வண்டிகளை நிறுத்துவது. பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களும் வர வேண்டும். பயிற்சிக்கு வராதவர்களை ஏலகிரிப் பட்டியலில் சேர்க்க மாட்டோம். வேளச்சேரித் தம்பிக்கு அதற்குள் எலும்பு கூடினாலும் வண்டி ஓட்ட டாக்டர் அனுமதிக்க வேண்டும். பயிற்சிக்கு மட்டும் வந்து, தன் கழுத்தில் கை கட்டிய விதத்தைத் தானே செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.